தகரம் தீர்ந்த காலத்து ரயில் நிலையங்கள்

1943 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு ரயில் வந்தது. விலை ஒரு டாலர். செய்தது லயனல் நிறுவனம். 1900-இல் தொடங்கி, மின்சாரத்தில் ஓடும் பொம்மை ரயில்களால் ஊரெல்லாம் பேர் வாங்கிய கம்பெனி. ஆனால் அந்த வருடத்துப் பெட்டியைத் திறந்த பிள்ளைகளுக்கு மோட்டார் கிடைக்கவில்லை, தகரம் கிடைக்கவில்லை. வண்ணத்தில் அச்சடித்த அட்டைகள்தான் இருந்தன. இன்ஜின் அட்டை, கரி வண்டி அட்டை, சரக்குப் பெட்டி அட்டை, தண்டவாளம் அட்டை, சக்கரம்கூட அட்டை. அச்சுக்கு மட்டும் மரக்குச்சி.

மொத்தம் 250-க்கு மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றையும் மடித்து, நாக்கைத் துளையில் செருகிச் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் முயன்று பார்த்து அழுதார்கள். அப்பாக்கள் வாங்கிப் பார்த்து அலுத்தார்கள். எப்படியோ கட்டி முடித்தாலும் அது தானாக ஓடாது, கையால் தள்ள வேண்டும். தள்ளினால் சக்கரம் மடங்கும்.

உலோகம் முழுக்கப் போருக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1942-இன் நடுவில் அமெரிக்க அரசு பொம்மை ரயில் உற்பத்தியை நிறுத்தச் சொல்லியிருந்தது. லயனலின் ஆலை கடற்படைக்குத் திசைகாட்டிகள் செய்யப் போய்விட்டது. கடை அலமாரியில் பெயராவது இருக்கட்டும் என்று இறக்கிய சரக்குதான் இந்த அட்டை ரயில். கம்பெனியின் சரித்திரத்தில் அது ஒரு வேடிக்கைக் கதையாக நின்றுவிட்டது.

ஆனால் அதே ஆண்டுகளில், அட்லாண்டிக்கின் மறுகரையில், அதே அட்டையை வைத்துச் சிலர் வேறொன்று செய்துகொண்டிருந்தார்கள். ரயிலை விட்டுவிட்டு, ரயில் நிற்கும் நிலையத்தைக் கட்டினார்கள். நிலையத்தை ஒட்டிய தெரு, தெருமுனைக் கடை, மாவு மில், தேவாலயம், ஆற்றுப் பாலம் என்று அது வளர்ந்தது. சக்கரமாகச் சுழல முடியாத அட்டை, சுவராக நிற்பதற்கு அருமையான பொருள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

*

பொம்மை ரயில் பிறந்தது பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்காக. ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் 1859-இல் தொடங்கிய மார்க்லின் பட்டறை, முதலில் பொம்மை வீடுகளுக்கான தகரச் சமையல் சாமான்களைத்தான் செய்தது. 1891-இல் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலையும் அதற்கான தண்டவாளத்தையும் அது காட்சிக்கு வைத்தது. தண்டவாள அகலத்துக்கு எண் கொடுத்து, இந்த ரயில் இந்தப் பாதையில்தான் ஓடும் என்று ஒழுங்குபடுத்தியதுதான் அதன் சாமர்த்தியம். முதல் பெட்டி வாங்கியவன் அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் தண்டவாளம் வாங்குவான்; அதற்கடுத்த வருடம் ஒரு நிலையம் வாங்குவான்.

அந்த நிலையங்கள் அழகானவை, ஆனால் எந்த ஊரையும் சேராதவை. இங்கிலாந்தில் லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி, மெக்கானோ பொம்மையைக் கண்டுபிடித்தவர், 1920-இல் ரயில் செய்ய இறங்கினார். அவர் கம்பெனியின் தகர நிலையம் வின்டர்மியர், ரிப்பன், மார்கேட், வெம்ப்ளி என்று பல பெயர்களில் வந்தது. வின்டர்மியர் ஏரிக்கரை ஊர், மார்கேட் கடற்கரை ஊர். கட்டடம் மட்டும் ஒன்றே, பெயர்ப்பலகையைத்தான் மாற்றியிருந்தார்கள். வாங்கியவர்கள் யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. பொம்மைதானே.

தகரம் வாங்க வழியில்லாத வீடுகளுக்குக் காகிதம் இருந்தது. பிரான்ஸின் எபினால் நகரில் பெல்லரின் குடும்பத்து அச்சகம் 1796 முதல் மலிவு விலைப் படங்களை அச்சடித்துவந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அது வெட்டி ஒட்டிக் கட்டும் வீடுகளையும் கோட்டைகளையும் தாள் தாளாக விற்றது. ஜெர்மனியின் எஸ்லிங்கனில் 1831-இல் தொடங்கிய ஷ்ரைபர் பதிப்பகமும் இதே தொழிலில் பேர் வாங்கியது. கத்தரிக்கோலும் மாவுப் பசையும் இருந்தால் போதும், சாப்பாட்டு மேஜையில் ஒரு மாளிகை எழும்பிவிடும். அட்டைக் கட்டடத்தின் பரம்பரை இங்கிருந்துதான் வருகிறது.

*

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பொம்மையைப் பெரியவர்கள் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். 1910-இல் லண்டனில் மாடல் ரயில்வே கிளப் உருவானது. உலகில் இந்த வகையில் மிகப் பழைய சங்கம் அதுதான். 1925-இல் 'மாடல் ரயில்வே நியூஸ்' பத்திரிகை வந்தது. இன்ஜினின் ஒவ்வொரு ஆணியும் சரியாக இருக்கிறதா என்று அவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஆனால் அந்த இன்ஜின் ஓடியது பெரும்பாலும் மொட்டைப் பலகைமேல்தான். ஊர் இல்லை, வயல் இல்லை, பயணி போய்ச் சேர இடமே இல்லை.

இதற்கிடையே ரயிலும் சுருங்கிவந்தது. 1922-இல் நியூரம்பர்க்கின் பிங் கம்பெனி சாப்பாட்டு மேஜைக்குள் அடங்கும் ரயிலைக் கொண்டுவந்தது. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இந்தச் சிறிய அளவுதான் பிறகு பிரிட்டனில் வீட்டுக்கு வீடு பரவியது. நான்கு மில்லிமீட்டர் ஓர் அடிக்குச் சமம் என்பது அதன் கணக்கு. அதாவது நிஜத்தில் 76-இல் ஒரு பங்கு. அளவு சிறிதானபோது ஒரு மாற்றம் யாரும் திட்டமிடாமலே நடந்தது. பெரிய அளவில் ஒரு நிலையம் கட்டத் தச்சன் வேலை தெரிய வேண்டும், பலகை வேண்டும். இந்தச் சிறிய அளவில் அதே நிலையத்துக்கு வீட்டில் கிடக்கும் அட்டை போதும்.

இதை முதலில் ஊருக்குச் சொன்னவர்களில் ஒருவர் எட்வர்ட் பீல். ஸ்காட்லாந்தில் பாதிரியார். பாதிரியார் சம்பளத்தில் கடை மாதிரிகளை வாங்கிக் குவிக்க முடியாது. 1930களில் அவர் எழுதிய புத்தகங்கள், வாங்கத் தேவையில்லை, நீங்களே கட்டலாம் என்று வரைபடத்தோடு சொல்லிக்கொடுத்தன.

அதைக் கலையாக்கியவர் ஜான் ஆஹெர்ன். 1930களின் கடைசியில் அவர் 'மாடர் வேலி' என்று ஒரு கற்பனைக் கிளைப்பாதையைக் கட்டத் தொடங்கினார். பாதை கற்பனை, பாதையோரத்துக் கட்டடங்கள் பல நிஜம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அவர் கண்டு மயங்கிய சத்திரங்களும் வீடுகளும் ஆலைகளும் ஒரே பள்ளத்தாக்கில் வந்து குடியேறின. ரயில் ஓடும் பலகை என்பது போய், ரயிலும் ஓடுகிற ஓர் ஊர் பிறந்தது இங்கேதான். மொட்டைப் பலகை பார்த்துப் பழகியவர்களுக்கு, ஆஹெர்னே எடுத்த புகைப்படங்களைப் பத்திரிகையில் பார்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். அவர் 1950-இல் வெளியிட்ட, குட்டிக் கட்டடங்களைக் கட்டும் முறை பற்றிய புத்தகம் இத்துறையில் பாடநூல்போல் ஆனது.

*

அந்தப் புத்தகத்துக்கு முன்பே போர் வந்தது. 1942 ஜனவரி முதல் பிரிட்டனில் உலோகப் பொம்மை செய்யக் கூடாது. 1943 செப்டம்பர் 30-க்குப் பிறகு இருப்பில் கிடந்ததையும் விற்கக் கூடாது. 1938-இல்தான் ஹார்ன்பி கம்பெனி தன் சிறிய அளவு 'டப்ளோ' ரயிலை இறக்கியிருந்தது. அது நடக்கப் பழகுமுன்பே உட்கார்ந்துவிட்டது.

அட்டையும் சும்மா கிடைத்துவிடவில்லை. காகிதம் போர்ச்சரக்கு. 1942-இல் காகிதத்தை எரிப்பதும் குப்பையில் வீசுவதும் பிரிட்டனில் சட்டப்படி குற்றமானது. வீட்டுக்காரம்மாக்கள் காகிதம், எலும்பு, தகரம் என்று தனித்தனியாகப் பிரித்துவைக்க வேண்டும். வண்டி வந்து எடுத்துப்போகும். அந்த வண்டிக்குப் போக வேண்டிய அட்டையில் ஒரு துண்டைத் தன் மேஜைக்கு ஒதுக்கிக்கொண்டவருக்கு அதன் மதிப்பு தெரிந்துதான் இருந்தது. வெட்டுவதற்கு முன் இரண்டு முறை அளந்தார். வெட்டிய ஓரத்துண்டையும் டப்பாவில் போட்டு வைத்தார்.

அந்த மேஜையில் நடந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். முறை இன்றும் அதிகம் மாறவில்லை.

காலைச் சிற்றுண்டிக்கான கார்ன்ஃப்ளேக்ஸ் வரும் பெட்டியின் அட்டை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன். நிஜ வீட்டில் ஒன்பது அங்குலச் சுவர் என்றால், இந்த அளவில் மூன்று மில்லிமீட்டர். ஆக ஆறு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் ஒன்பது அங்குலச் சுவர் தயார். ஜன்னலை வெட்டினால், நிஜக் கட்டடத்தில் கண்ணாடி எவ்வளவு உள்ளே தள்ளி இருக்குமோ அவ்வளவு ஆழம் கிடைக்கும். தகர நிலையங்களில் ஜன்னல் என்பது சுவர்மேல் அச்சடித்த படம், நிழல் விழாது. இங்கே நிழல் விழுகிறது. பொம்மையை வீடாக்குவது அந்த நிழல்தான்.

அட்டைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு பக்கம் பசை தடவினால் ஈரம் இழுத்து அப்பளம்போல் வளைந்துவிடும். அதனால் பசையை மெல்லியதாகத் தடவி, கனத்த புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு முழுக்க வைத்தார்கள். வெளிப்பக்கம் வண்ணம் பூசினால் உள்பக்கமும் ஒரு பூச்சு கொடுத்தார்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கட்டும் என்று. நான்கு மூலையிலும் உள்ளே சின்ன மரக்கட்டையை ஒட்டி முட்டுக் கொடுத்தார்கள்.

அடுத்தது செங்கல். பிரிட்டிஷ் செங்கல், சாந்தையும் சேர்த்து, ஒன்பது அங்குல நீளம், மூன்று அங்குல உயரம். இந்த அளவில் மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். நாற்பது அடி நீளமும் இருபது அடி உயரமும் உள்ள ஒரே சுவரில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட செங்கற்கள். பொறுமை உள்ளவர்கள் மழுங்கிய ஊசியால் ஒவ்வொரு வரியையும் அட்டைமேல் அழுத்திக் கீறி, நீர்வண்ணத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் லேசாக நிறம் மாற்றிக் கொடுத்தார்கள். சூளையில் அதிகம் வெந்த கல் கறுப்பு, குறைய வெந்தது வெளிறிய சிவப்பு. இதைச் செய்யக் கடையில் எந்தச் சாமானும் வாங்க வேண்டாம். ஆனால் உண்மையான ஒரு செங்கல் சுவர் முன்னால் போய் நின்று பார்க்க வேண்டும். எந்தக் கல் குறுக்கே போகிறது, ஜன்னலுக்கு மேல் வளைவு எப்படித் திரும்புகிறது, மழைநீர் எங்கே கறை பிடித்திருக்கிறது என்றெல்லாம் பார்த்தவனால்தான் கீற முடியும்.

மற்றதெல்லாம் சமையலறையிலும் குளியலறையிலும் கிடந்தன. தீக்குச்சியின் பக்கம் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஆறு அங்குல உத்திரம். பழைய பற்பசை டியூப் மென்மையான உலோகம். அதை வெட்டி, கழுவி, தட்டையாக்கி, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு கோடாக அழுத்தினால் சரக்குக் கொட்டகையின் வரித்தகரக் கூரை. உப்புத்தாளைக் கறுப்படித்தால் தார்ச்சாலை. பழைய ஃபிலிமை வெந்நீரில் ஊறவைத்துப் படத்தைச் சுரண்டிவிட்டால் ஜன்னல் கண்ணாடி. மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் நனைத்துக் காயவைத்தால் புல்தரை. வடிகட்டிய டீத்தூள் சக்கை காய்ந்ததும் மரத்தடிச் சருகு. கிழிந்த சோஃபாவுக்குள்ளிருந்து பிடுங்கிய குதிரைமுடி, வேலிப் புதர். கழிவறைக் காகிதச் சுருளின் உள் உருளையைப் பதினோரு அடி விட்டமுள்ள தண்ணீர்த் தொட்டியாகவே நிறுத்திவிடலாம். பழைய செய்தித்தாளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து மாவுப் பசையில் தோய்த்துக் கம்பிவலைமேல் போர்த்தினால், மலை.

எல்லாக் குப்பையும் உதவாது என்பதையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஐஸ் குச்சி ஒரு சென்டிமீட்டர் அகலம். இந்த ஊரில் அது இரண்டரை அடி அகலப் பலகை. அப்படி ஒரு பலகை எந்தத் தச்சனிடமும் இருக்காது. அதை நெடுக்காகக் கிழித்தால்தான் ஆகும். அளவுகோல் தெரியாதவன் கையில் குப்பை குப்பையாகவே நிற்கும்.

*

இந்த வழியில் கடைசி எல்லைவரை போனவர் ராய் இங்லண்ட். ஆஸ்திரேலியாவில் பிறந்து 1925-இல் இங்கிலாந்துக்கு வந்தவர். அன்றைய பெர்க்‌ஷயரின் வெள்ளைக்குதிரைப் பள்ளத்தாக்குக் கிராமங்களைப் பார்த்து அங்கேயே மனதைப் பறிகொடுத்தார். ஆனால் அவர் கண்ணெதிரிலேயே வைக்கோல் கூரைகளை இறக்கிவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஊர் போவதற்குள் அதன் அச்சை எடுத்துவைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வீடு வீடாகப் போய் அளந்தார், படம் எடுத்தார், அட்டையில் கட்டினார்.

கூரை வேய அவருக்குக் கிடைத்த பொருள், குழாய் ரிப்பேர்க்காரர் மரையில் நீர் கசியாமல் இருக்கச் சுற்றுகிற நார். அதைக் கற்றை கற்றையாக வெட்டி, நிஜக் கூரை வேய்பவர் வேய்கிற அதே வரிசையில் கீழிருந்து மேலாக ஒட்டினார். ஒரு குடிசைக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆகும். பொருள் செலவு சில்லறை. நேரச் செலவுக்குக் கணக்கே இல்லை. 1954-இல் ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் பழைய மதுக்கடைக் கட்டடம் ஒன்றில் இந்த வீடுகளுக்கு ஓர் இடம் பிடித்தார். அதுதான் பென்டன் அருங்காட்சியகம். அங்கே அமைந்துள்ள கிராமத்துக்கு 1930களுக்குப் பிறகு வயதாகவில்லை.

*

போர் முடிந்ததும் கடைகள் திரும்ப நிரம்பின. 1946-இல் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஃபாலர் சகோதரர்கள் குட்டி வீடுகள் செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். தோற்ற நாட்டில் அப்போது கிடைத்த மரத்திலும் அட்டையிலும்தான் ஆரம்பம். பிளாஸ்டிக் பிறகு வந்தது. பிரிட்டனில் 1950களின் பிற்பாதியில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி பிளாஸ்டிக் நிலையங்களை மலிவாக இறக்கியது. அடுத்து வந்த சூப்பர்குவிக் அட்டைக் கட்டடங்கள், எபினால் தாள்களின் பேரப்பிள்ளைகள்போல், வெட்டிவைத்த துண்டுகளாகவே உறையில் வந்தன.

இனி யார் கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியை வெட்டப் போகிறார்கள்? வெட்டினார்கள். கடையில் வாங்கிய நிலையம் பக்கத்து வீட்டுக்காரரிடமும் இருந்தது. ஹார்ன்பி தகர நிலையத்தின் பழைய குறை பிளாஸ்டிக்கில் திரும்பி வந்தது. தன் ஊர் நிலையம் வேண்டுமென்றால் தானே கட்டத்தான் வேண்டும். 'ரயில்வே மாடலர்' பத்திரிகைக்கு 1950 முதல் ஆசிரியராக இருந்த சிரில் ஃப்ரீஸர், சிறிய அறையும் சிறிய சம்பளமும் உள்ளவர்களை மனதில் வைத்தே மாதாமாதம் திட்டங்களை வரைந்தார். அமெரிக்காவில் ஈ. எல். மூர் என்பவர் 1950களிலிருந்து அட்டையிலும் பால்சா மரத்திலும் கட்டிய மலிவுக் கட்டடங்களைப் பற்றி நகைச்சுவையோடு எழுதித் தள்ளினார்.

கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் தன் வீட்டு அடித்தளத்தை மலைகளால் நிரப்பினார். 1946-இல் தொடங்கிய அவருடைய 'கோரி அண்ட் டிஃபீட்டட்' பாதை, பெயரிலேயே 'ரத்தக்களறியும் தோல்வியும்' என்று கேலி வைத்தது. அவருடைய கட்டடங்களில் துரு இருந்தது, ஓடு உடைந்திருந்தது, பலகை இற்றுப்போயிருந்தது. பளபளப்பாக விற்றவை கடைச் சரக்கு. பழசாகத் தெரிந்தவை ஆலன் கைவேலை. 1973 ஜனவரியில் அவர் காலமானார். சில நாட்களிலேயே வீட்டில் தீப்பிடித்து, 26 ஆண்டு உழைப்பு அநேகமாக முழுக்கக் கருகிப்போனது. மிஞ்சியது பெரும்பாலும் புகைப்படங்கள்தான்.

காலம் மாற மாறக் குப்பையும் மாறியது. உலோகப் பற்பசை டியூப் மறைந்து பிளாஸ்டிக் வந்தது. கூரை போடுபவர்கள் பார்சல் சாப்பாடு வரும் அலுமினியத் தட்டுக்கு மாறினார்கள். ஃபிலிம் மறைந்தது, பண்டங்கள் பொதிந்து வரும் கண்ணாடித் தாள் ஜன்னலுக்கு வந்தது. செங்கல் கீற நேரமில்லாதவர்கள் கணினியிலிருந்து செங்கல் சுவரை அச்செடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். அடியில் இருப்பது மட்டும் அதே கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டை.

லயனலின் அட்டை ரயிலை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். யாரும் கட்டாமல், மடிப்புக் குலையாமல் பெட்டிக்குள்ளேயே கிடப்பதற்குத்தான் அவர்களிடம் மதிப்பு. ஆஹெர்ன் 1961-இல் இறந்த பிறகு அவருடைய மாடர் வேலி பென்டனுக்கு வந்து சேர்ந்தது. லாங் விட்டன்ஹாமுக்குப் போகிறவர்கள் அந்தப் பள்ளத்தாக்கை இன்றும் பார்க்கலாம்.